முற்றுப்புள்ளி வரை

அரைகுறை வாக்கியங்களை என்னால் சகித்துக்கொள்ள முடிவதில்லை. கணினி நிரல் எழுதியே ஓய்வுபெற்றவள் நான். வீட்டிலும் அந்தக் குணம் மாறவில்லை.

பக்கவாதத்தில் பேச்சிழந்த என் தங்கைக்கு வலக்கையின் சில விரல்கள் மட்டுமே அசைந்தன. அவளுக்காக ஒரு நிரல் எழுதினேன். திரையில் ஒரு பெட்டி; அதற்குள் அன்றாடம் தேவைப்படும் வாக்கியங்கள். வேண்டிய சொற்களின்மீது அவள் மவுஸை இழுப்பாள், அவை நீலமாகும், விரலை எடுத்ததும் கணினி அவற்றை உரக்கப் படிக்கும். விரல் நடுங்கியதால் பாதிச் சொல்லில் தொடங்கிப் பாதிச் சொல்லில் நிறுத்தினாள். கேட்கச் சகிக்கவில்லை. ஆகவே, எந்தச் சொல்லைத் தொட்டாலும் தேர்வு முழு வாக்கியத்துக்கும் விரியுமாறு திருத்தினேன். இதுவரை குற்றம் ஏதுமில்லை என்று, விசாரிக்க வந்த நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

பிறகுதான் அவளுடைய மகள் வந்தாள்.

"பெரியம்மா, அம்மாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். எத்தன நாளைக்குத்தான் நீங்க ஒண்டியா மல்லுக்கட்டுவீங்க?"

"உங்கம்மாவையே கேளு. நான் என்ன வாசல்ல பூட்டா போட்டிருக்கேன்?"

மறுநாள் கேட்பதாகச் சொல்லிப் போனாள். மருந்தும் குளியலும் உறக்கமும் நேரம் தவறாத வீடு என்னுடையது. மகள் வீட்டில் அது நடக்குமா? தங்கை போனபின் நான் யாருக்கு எதைச் செய்வது என்பதையும் எண்ணிப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து, "என்னை அழைத்துப் போ" என்ற வாக்கியத்தை நீட்டினேன்: "என்னை அழைத்துப் போ என்று உன்னிடம் ஒருநாளும் கேட்கமாட்டேன்."

மறுநாள் மகள் கட்டிலருகே அமர்ந்தாள். திரை தங்கையை நோக்கியிருந்தது; மகளுக்குக் குரல் மட்டுமே கேட்டது. தங்கை முதல் மூன்று சொற்களை மிகக் கவனமாக இழுத்தாள். விரலை எடுத்தாள். நீலம் வரியின் முடிவுவரை ஓடியது. கணினி முழுவதையும் படித்தது. அவள் மீண்டும் இழுத்தாள். மீண்டும். அந்தச் சொற்கள் அவளுக்கு வேறெங்கும் கிடையாது.

"போதும்மா, புரியுது. இத்தன தடவ சொல்லணுமா?" மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "பெரியம்மா, அம்மா உங்ககூடவே ஒட்டிக்கிட்டா. இனி பிரிக்க முடியாது."

தங்கையின் கண்ணீரைப் பாசம் என்று விளக்கினேன். மகள் நம்பினாள்.

அடுத்து, "வலிக்கிறது" என்பதையும் நீட்டினேன்: "வலிக்கிறது என்று சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை." மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கிருந்தே மகள் அழைத்துப் போய்விடுவாள் அல்லவா? வீட்டுக்கு வந்துபோன செவிலி, "உங்க தங்கச்சிக்குப் பொறுமை ஜாஸ்தி" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

படுக்கைப்புண் கவனிக்கப்படாததால் தங்கை இறந்தாள் என்று உங்கள் அறிக்கை கூறுகிறது. அது சரியன்று. நான் கவனித்தேன், நாள்தோறும் துடைத்துக் கட்டினேன், எவரிடமும் சொல்லவில்லை.

அவளை அடைத்து வைத்திருந்தேன் என்று எழுதுகிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். என்னோடு இருப்பதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை அவளே, தன் விரலால் தேர்ந்தெடுத்து, எல்லோரும் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.