செடியின் தாய்வீடு

அடுப்பு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மேலே இருக்கும் கண்ணாடியின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பர்னரை. கழற்றிக் கையில் வைத்தால் கனக்க வேண்டும். அப்புறம் பாத்திரம் வைக்கிற கம்பி. விளிம்புவரை தண்ணீர் பிடித்த அண்டாவை ஏற்றினாலும் அது அசையக் கூடாது. மற்றதெல்லாம் சும்மா மினுக்கு. நீங்கள் முதலில் அடுப்பைப் பற்றித்தான் கேட்டீர்கள் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்ல எத்தனை பேரும்மா?" என்று கேட்டார்.

"நான் ஒருத்திதான்."

"ஒருத்திக்கு எதுக்கு அஞ்சு பர்னர்? அந்த ஓரத்துல இருக்கே, ரெண்டு பர்னர், அது போதுமே."

"நீங்க விக்கிறவரா, வேண்டாங்கிறவரா?"

அவர் சிரித்துவிட்டார். நடுவில் இருந்த பெரிய பர்னரைப் பற்றவைத்துக் காட்டினார். மூன்று வளையமாகத் தீ எழுந்தது. அத்தனையும் நீலம், மருந்துக்குக்கூட மஞ்சள் இல்லை. "இதுல ஓட்டலே நடத்தலாம்மா" என்றார். எனக்கு ஓட்டல் நடத்தும் உத்தேசம் இல்லை. தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் கொதிக்கும் என்று மட்டும் கேட்டேன். அண்டாவை வைத்து அதையும் காட்டினார். பேசிக்கொண்டே இருந்தோம், பேச்சு முடிவதற்குள் அது தளதளவென்று கொதித்துவிட்டது. அன்றே வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

கொதிநீருக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. அப்பாவும் அம்மாவும் கல் உடைத்தவர்கள். எனக்குத் தாவணி வயசு வந்ததும், வெயிலில் இவளாவது காயாமல் இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். வெயிலிலிருந்து ஆவிக்கு மாறினேன், அவ்வளவுதான். ரத்தமும் சீழும் படிந்த படுக்கை விரிப்புகளைத் தொட்டியில் போட்டு வேகவைப்பதுதான் வேலை. தலை நரைக்கும்வரை அதையே செய்தேன். கொதிநீர் சொன்ன பேச்சுக் கேட்கும். எங்கே ஊற்றுகிறோமோ அங்கே வேலையை முடித்துவிட்டு, ஆறி, பச்சைத் தண்ணீராகிவிடும். பிறகு யார் தொட்டுப் பார்த்தாலும் வெறும் ஈரம்தான்.

ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அத்தனை வருஷம் இயந்திரச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசியவளுக்கு, வீட்டில் குளிர்சாதனப் பெட்டி முனகுவது மட்டும் கேட்டது. கைக்கு வேலை வேண்டுமே என்று நாலு தொட்டி வாங்கினேன். செடிகளுக்கு என் கை பிடித்துப்போனது. மொட்டைமாடி நிறைந்து, படிக்கட்டுக்கு இறங்கி, வாசலுக்கு வந்தன. அப்படித்தான் எங்கள் தெருச் செடிக்காரர்கள் என்னைக் கண்டுபிடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காவில் கூடுவோம். ஆளுக்கொரு கிளை, பதியன், விதை கொண்டுவந்து மாற்றிக்கொள்வோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. செடி கொடுத்தவர் வீடு அந்தச் செடிக்குத் தாய்வீடு. வாங்கும்போது நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் வேர் பிடிக்காது என்பார்கள். செடிக்கு ஒன்று ஆகிவிட்டால் தாய்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரலாம். செத்தே போனாலும் வந்து இன்னொரு கிளை கேட்கலாம். ஏன், எப்படி என்று தாய்வீடு கேட்காது. உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, கிளையும் கொடுத்து அனுப்பும்.

கணக்கு டீச்சருக்கு நான் முதலில் கொடுத்தது அடுக்குச் செம்பருத்தி. அவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், விதவை, ஒரே மகன் வேறு ஊரில். அந்தச் செம்பருத்தி தானாகத்தான் செத்தது, அதில் என் கை இல்லை. தண்ணீர் ஊற்றியே கொன்றிருந்தார். தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"கொன்னுட்டேன்டி. உன் புள்ளையக் கொன்னுட்டேன்."

"உள்ள வாங்க டீச்சர். புள்ளையா பெத்துக் குடுத்தேன், ஒரு குச்சியத்தானே ஒடிச்சுக் குடுத்தேன்."

விளக்கு வைக்கும் நேரம்வரை இருந்தார். தேநீர் குடித்தார், இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். மருமகளைத் திட்டினார். என் சமையலறை ஜன்னலில் காலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்று விசாரித்தார். என்னை யாரும் அப்படி விசாரித்ததே இல்லை.

இன்னொரு கிளை கொடுத்தேன். அது ஜம்மென்று தழைத்தது. டீச்சர் வரவில்லை. தெருவில் பார்த்தால் கையாட்டுவார், "உன் புள்ள சூப்பரா இருக்கான்டி" என்பார், போய்க்கொண்டே இருப்பார். தழைக்கிற செடிக்குத் தாய்வீடு தேவைப்படுவதில்லை. இது கண்கூடாகப் பார்த்த விஷயம், யாரையும் குறை சொல்ல வரவில்லை.

ஒரு விடியற்காலையில் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். அவர் தொட்டிகள் வெளிச்சுவர் மேல்தான் வரிசையாக இருக்கும். வேரில்தான் ஊற்ற வேண்டும், இலையில் படக் கூடாது. அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. கொஞ்ச நாள் கழித்துத்தான் தலை தொங்கும். ஆளுக்கு ஆள் இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி தேடுவார்கள். அந்த வார முடிவில் டீச்சர் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

தையல்காரத் தம்பியிடம் ஒரு மஞ்சள் ரோஜா இருந்தது. காலமான அவன் பெண்டாட்டி வைத்தது. அவள் உயிரோடு இருந்தபோதே எனக்கு ஒரு கிளை கொடுத்திருந்தாள். முறைப்படி பார்த்தால் அவன் வீடுதான் என் ரோஜாவுக்குத் தாய்வீடு. மூலச்செடி போன பிறகு அவன் என் வீட்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "அக்கா, நீங்க வச்சிருந்ததாலதான் அது இன்னும் இருக்கு. இல்லேன்னா அவளே ரெண்டாவது வாட்டி செத்த மாதிரி" என்றான். என் செடியில் இருந்ததிலேயே நல்ல கிளையாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். அவன் அவளுடைய கிளையைத்தான் கொண்டுபோனான். நட்டம் என்ன?

பழைய அடுப்பில் தொல்லை இருந்தது. இரண்டாவது கெட்டில் கொதிப்பதற்குள் முதலாவது ஆறிவிடும். அரைகுறைச் சூடு செடியைச் சித்திரவதை செய்யும், கொல்லாது. அது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் பெரிய அடுப்பு.

அதை வேறு காரியத்துக்கும் பயன்படுத்தினேன் என்பதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். செடி அடிக்கடி சாகிறதே, மண்ணில்தான் ஏதோ கிருமி என்று பூங்காவில் பேச்சு எழுந்தது. மண்ணை ஆவியில் அவித்தால் கிருமி போகும், எல்லோரும் கொண்டுவாருங்கள், நான் அவித்துத் தருகிறேன் என்றேன். சாக்குச் சாக்காகக் கொண்டுவந்தார்கள். நடு பர்னரில் அண்டா, மேலே தட்டு, தட்டில் மண். வீடே மழை பெய்த மாதிரி மணக்கும். மண் வேகும்வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலி போதாமல் கவிழ்த்த வாளிமேல் உட்காருவார்கள்.

"ஊர்ல எல்லாரும் சோறாக்குறாங்க, எங்க அக்கா மண்ணாக்குறாங்க" என்பான் தையல்காரன்.

"பேசாம இரு, உனக்கு ரெண்டு கரண்டி போடுறேன்" என்பேன்.

அந்தச் சிரிப்பெல்லாம் அந்த அடுப்பு கொடுத்தது.

நான் செய்த தப்பு ஒன்றுதான்: குளிர்காலத்தைக் கணக்கில் எடுக்காதது. ஆயுசு முழுக்க ஆவிக்குள்ளேயே வேலை பார்த்தவளுக்கு ஆவி கண்ணில் படாமல் போய்விட்டது. பனி கொட்டும் விடியலில் டீச்சர் வீட்டுத் தொட்டியில் ஊற்றினேன். தொட்டி குபுகுபுவென்று புகைந்தது. கடை திறக்க வந்த தையல்காரன் எதிர்ச்சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, தொட்டி புகையுது?"

"மருந்துடா தம்பி. சூடா ஊத்தினாத்தான் கேக்கும்."

தலையாட்டிவிட்டு ஷட்டரைத் தூக்கினான். என்னை நம்பினான். இப்போது உங்களிடம் வந்து அதைச் சொன்னது அவன்தான் என்று தெரியும். எனக்கு அவன்மேல் வருத்தம் இல்லை.

சரி, டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவித்த மண்ணை வாங்கிக்கொண்டு மற்றவர்கள் கிளம்பிய பிறகு, என் சமையலறையில் டீச்சர் மட்டும் இருந்தார். மகன் கூப்பிடுகிறான், இனிமேல் அங்கேயே இருந்துவிடச் சொல்கிறான் என்றார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். வீட்டைக் காலி செய்யப்போகிறாராம்.

"அங்க மாடியே கிடையாதுடி. செடியெல்லாம் தம்பிகிட்ட குடுத்துட்டுப் போறேன்."

"தம்பிகிட்டயா?"

"உனக்குத்தான் எல்லாமே இருக்கே."

சரி என்றேன். நல்லது என்றும் சொன்னேன். அண்டாவை இறக்கும்போது அது சரிந்து, கொதிநீர் டீச்சர் காலில் கொட்டியது. பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி மட்டு. அதனால் வலி அவ்வளவாக இல்லை, பதற்றம்தான் அதிகம். என்னையே அவர் தேற்றினார். "தவறிப்போச்சுடி, விடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். படியேறக் கூடாது, பயணம் கூடாது என்றார்கள். அவர் வீட்டில் படி உண்டு, என் வீட்டுக் கீழ்த்தளத்தில் கிடையாது. என் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் தரையில் படுத்தேன். சோறு பிசைந்து கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். அவர் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடுவார், எனக்குத் தெரியாத வார்த்தைகளைக் கேட்பார், தெரியாது என்பேன், சிரிப்பார். மகன் வந்து பார்த்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவோட கூடப் பிறந்தவங்க இருந்தாக்கூட இப்படிப் பாக்க மாட்டாங்க" என்று கண்கலங்கினான். அந்த நாட்களில் நான் எந்தத் தொட்டிக்கும் கொதிநீர் கொண்டுபோகவில்லை. தெருவில் எல்லாச் செடியும் நன்றாக இருந்தது. விசாரித்துக்கொள்ளலாம்.

புண் ஆறியது. நான் சலவைக்கூடத்துக்காரி, சுத்தமாகப் பார்த்துக்கொண்டேன், ஆறாமல் என்ன செய்யும். டாக்டர் பார்த்துவிட்டு, இனி நடக்கலாம், வெளியூரும் போகலாம் என்றார். மகன் பயணச்சீட்டு எடுத்துவிட்டான். டீச்சர் தொட்டிகளைத் தையல்காரன் வந்து தூக்கிக்கொண்டு போனான். செம்பருத்தியையும்தான்.

நர்ஸ் சொன்னபடி தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவித் துடைப்பேன். பயணத்துக்கு முந்தின நாளும் அதற்குத்தான் அகலமான பேசின் எடுத்து வைத்தேன். டீச்சர் நாற்காலியில் சாய்ந்து பேப்பரைப் பிடித்திருந்தார். கொதித்த தண்ணீரை நடு பர்னரிலிருந்து இறக்கினேன். பச்சைத் தண்ணீர் கலக்கவில்லை. முதலில் பேசினில் காலை வைத்துவிட்டு, பிறகு ஓரமாக, நிதானமாக ஊற்றினேன். இலையில் படாமல் வேரில் ஊற்றுகிற மாதிரிதான். கணுக்கால்வரை.

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதமா இருக்குடி" என்றார்.

காலுறை போட்ட மாதிரி வெந்த கோடு வட்டமாக இருக்கிறது, தவறிக் கொட்டினால் அப்படி வராது என்று டாக்டர் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். டாக்டர் சொன்னது சரி. வலது காலை எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொன்னீர்கள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் நினைத்தது அவ்வளவு இல்லை. ஒரு குளிர்காலம் போதும் என்றுதான் நினைத்தேன்.

முதல் தடவை கை வழுக்கியதா, நானே வழுக்கவிட்டேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இரண்டாம் தடவை வழுக்கவில்லை. முதல் தடவையும் அண்டாவின் பிடி இரண்டும் என் கையில் உறுதியாகத்தான் இருந்தன. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

டீச்சர் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று நீங்கள் சொல்லவில்லை. கேட்டால், கட்டில் விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். மகன் வீட்டில் ஒற்றைக் காலோடு அவரை யார் பார்ப்பார்கள்? அவன் பெண்டாட்டியா? ஒன்று ஆகிவிட்டால் தாய்வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நானும் எதுவும் கேட்க மாட்டேன்.

வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், உங்கள் ஜன்னலோரம் அந்த மணி பிளாண்ட் நன்றாகத் தழைத்திருக்கிறது. யார் கொடுத்தது? கொடுத்தவரைப் போய்ப் பார்த்து எத்தனை நாளாகிறது?