கீழவைப்பாரிலிருந்து வந்த பன்னி

வேம்பார் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"அக்கா, ஒன் கண்ணுல ஒரு குத்தமும் இல்லன்னு மாட்டு டாக்டரே சொல்லிட்டாரு."

மூத்தவள் வெளியே உப்பளத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் கண்ணு வச்சுதான் ஒன் பன்னிக்குட்டியெல்லாம் செத்துச்சுன்னு தெருவே கேக்க ஏசினியே, ஏளா."

"தப்புதாங்கா. எங்க பன்னியெல்லாம் ஒரே ரத்தமாம். அண்ணன் தங்கச்சியே சேந்து சேந்துதான் குட்டிக்கு வலுவில்லாமப் போச்சாம். இதே நாட்டுக் கறுப்புப் பன்னிதான் வேணும், ஆனா வேற ஊருல எடுங்கன்னாரு டாக்டரு. கீழவைப்பார்லேருந்து ஆண் பன்னி கொண்டாந்தோம். இப்ப ஒம்பது குட்டி. ஒண்ணுகூடச் சாகல."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அப்ப, நான் வந்து பாக்கலாமா?"

"அதுக்குத்தானக்கா ஒன் பக்கத்துல வந்து உக்காந்தேன்."