மாமியாரின் கஷாயம்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு வரும் பெர்ரிப் படகில், என் மகள் மடியில் தூங்க, பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்தது.

"என் மக வயசுக்கு வந்து நாலு மாசமாச்சு அக்கா. வீட்டுல யாருக்கும் சொல்லலை."

"சடங்கு சுத்தலையா? மாமியாருக்குமா தெரியாது?"

"தெரிஞ்சா கான்வென்ட்ல இருந்து நிறுத்திட்டு, அவங்க தம்பி மகனுக்குக் கட்டி வச்சிடுவாங்க. நானே பதினாலு வயசுல பெத்தவ. பாதி உசுரு போயிடுச்சு. அவளாவது படிக்கட்டும்."

"துணி துவைச்சா தெரியாதா?"

"என் துணியோட சேர்த்து நானே துவைக்கிறேன். எனக்கு மாசத்துல ரெண்டு தடவை வருதுன்னு மாமியார் நினைக்கிறாங்க. தினம் கஷாயம் வச்சுக் குடுக்கிறாங்க."

மூத்தவள் சிரித்துவிட்டாள். "குடிக்கிறியா?"

"கசக்குது. குடிச்சிடுறேன்."

என் மகளுக்காக நான் அப்படிக் குடிப்பேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.