ஒரு பெட்டி போதும்

என் வீட்டில் ஒரே ஒரு குடைதான் இருக்கிறது. தனியாக வாழ்பவனுக்கு இரண்டாவது எதற்கு? அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வைத்திருப்பவர்கள் மழை வரும்போது கையில் எதுவுமில்லாமல் நனைவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குப் புரியட்டும் என்பதற்காகச் சொன்னேன். இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

பெயர் ஷியோமி கன்ஜி, வயது ஐம்பத்து நான்கு. சுமிதா ஆற்றுக்குக் கிழக்கே உள்ள அந்தக் கோயிலின் அஸ்திக் கட்டடத்துக்குக் கணினி நிரல் எழுதியவன் நான்தான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், தனி ஆளாக எழுதினேன். நாலாயிரத்து நூறு அஸ்திப் பெட்டிகள் அங்கே மாடம் மாடமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உறவினர் வந்து அட்டையைக் காட்டினால் இயந்திரக் கை போய் அவர்களுடைய பெட்டியை எடுத்து வந்து வழிபாட்டு அறையின் ஜன்னலில் வைக்கும். கீழே சின்னத் திரையில் இறந்தவரின் பெயர் வரும். ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு ‘முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்தினால் பெட்டி மறுபடி தன் மாடத்துக்குப் போய்விடும்.

அப்போது இருந்தது ஒரு கை, ஒரு அறை. அதனால் நிரலிலும் அந்தக் கையை ஒரே ஒருவனாக எழுதினேன். எங்கள் தொழிலில் இதற்கு சிங்கிள்டன் என்று பெயர். யார் எத்தனை முறை கேட்டாலும் புதிதாக ஒன்று உருவாகாது, ஏற்கெனவே இருக்கும் அந்த ஒருவனே எல்லோருக்கும் கிடைப்பான். எந்தப் பெட்டி எந்த மாடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். உள்ளே கலசத்தில் இருக்கும் பெயரைப் பெட்டிகளின் மேலும் ஒட்டலாமா என்று தலைமைப் பிக்கு கேட்டபோது வேண்டாம் என்றேன். ஒட்டிய பெயரும் நிரலும் என்றாவது ஒரு நாள் வேறு வேறாகச் சொன்னால் எதை நம்புவது?

ஐந்து வருடத்தில் கோயிலுக்குக் கூட்டம் பெருகியது. கை இயங்கும் நடுக் கூண்டைச் சுற்றி மேலும் மூன்று அறைகள் கட்டினார்கள். நான்கு ஜன்னல்களும் அந்தக் கூண்டைப் பார்த்துத்தான் இருந்தன. கை மட்டும் ஒன்றே. எனவே நிரலில் பெரிதாக எதையும் தொடவில்லை.

நகுமோ சிதோசே எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். இருபத்தொன்பது வயது, கூர்மையான பெண். சேர்ந்த இரண்டாவது மாதமே என் மேசைக்கு வந்து நின்றாள்.

“ஷியோமி சான், ரெண்டு அறையில ஒரே நொடியில பொத்தானை அழுத்தினா என்ன ஆகும்?”

“ஒரே நொடியிலயா? அவ்ளோ அதிர்ஷ்டம் இருக்கறவங்க லாட்டரி வாங்கப் போகட்டும்மா.”

“லாட்டரியும் வருஷா வருஷம் யாருக்காவது விழத்தானே செய்யுது. பின்னால அழுத்தினவரோட நம்பர் முன்னால அழுத்தினவர் நம்பரை அழிச்சிடும். முதல் பெட்டி ரெண்டாமவர் மாடத்துக்குப் போகும். ரெண்டாவது பெட்டி மிச்சம் இருக்கற மாடத்துக்குப் போகும். அப்புறம் அது யாருக்குமே தெரியாது.”

அவள் சொன்னது சரி. அது எனக்கு முன்பே தெரியும். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக ஒருவனை உருவாக்கலாம் என்றாள். இரண்டு வார வேலைதான். ஆனால் ஒருவன் என்பதை நம்பித்தான் மற்ற எல்லாவற்றையும் கட்டியிருந்தேன். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். விழா நாட்களில் கூட்டத்தைச் சமாளிக்கக் கால் மணிக்கு ஒருமுறை மணி அடிப்பார்கள் என்பதும், மணி கேட்டதும் நான்கு அறையிலும் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்துவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

த்சுகுடா சான் என்னிடம் வந்தது அந்த இலையுதிர் காலத்தில். எழுபத்தெட்டு வயது, மீன் கடை வைத்திருந்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் மனைவியைப் பார்க்க வருவார். பராமரிப்புக்காக நான் போயிருந்த நாளில் என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப் போனார்.

“தம்பி, இது என் வீட்டுக்காரி இல்ல.”

“பெயர் சரியாத்தானே இருக்கு ஐயா.”

“பேரை விடு. பெட்டியைக் கொண்டுவந்த அன்னிக்கு நான் கதவுல இடிச்சு, இடது மூலையில அரிசி அளவுக்குச் சில்லு போயிடுச்சு. வாராவாரம் அதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். இதுல அது இல்ல.” ஜன்னலை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். “அம்பது வருஷம் அவகிட்ட திட்டு வாங்கினவன் நான். இந்தப் பெட்டி ரொம்ப மரியாதையா உக்காந்திருக்கு. சத்தியமா அவ இல்ல.”

மூன்று நாள் தேடினேன். மூலையில் சில்லு போன பெட்டி 302ஆம் மாடத்தில் இருந்தது. அவருடைய மாடம் 1186. மாற்றி வைத்திருக்கலாம், கைக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் மாற்றினால் அது பதிவாகும். பதிவானால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் நாலாயிரத்து நூறு குடும்பங்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருக்கும். ஒரு கிழவருக்காக நாலாயிரம் பேரின் நிம்மதியைக் கெடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அவருடைய மகனை அழைத்துப் பேசினேன். இந்த வயதில் இப்படி ஆவது சகஜம் என்று சொல்லி, நினைவாற்றல் மருத்துவமனை ஒன்றின் முகவரியும் கொடுத்தேன். “சிரமம் குடுத்துட்டாரு, மன்னிக்கணும்” என்று மகன் நான்கு முறை குனிந்தார். அட்டையை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகும் த்சுகுடா சான் வெள்ளிக்கிழமைகளில் வந்து, உள்ளே வர அட்டை இல்லாமல், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருப்பார். பிப்ரவரியில் இறந்துபோனார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தம்பதிக்காக இரண்டு அறைகள் உண்டு. மனைவி பக்கத்தை மூடியபடியே விட்டு, காலியாக இருந்த அறையில் அவரை வைத்தோம், 1186இல். பக்கத்தில் இருப்பது யாரென்று எனக்குத் தெரியாது. மகன் நன்றி சொன்னார்.

சிதோசே விடவில்லை. விழா நாட்களின் வருகைப் பட்டியலை எடுத்துக் கணக்கிட்டு, குறைந்தது தொள்ளாயிரம் பெட்டிகள் இடம் மாறியிருக்கும் என்றாள்.

“குடும்பங்ககிட்ட சொல்லிடலாம் ஷியோமி சான். நீங்களே சொன்னா மன்னிச்சிடுவாங்க.”

“நாலாயிரம் பெட்டியைத் திறந்து பாத்து, அப்புறம்?”

“அப்புறம் அவங்கவங்க ஆளு அவங்கவங்ககிட்ட இருப்பாங்க. வேறென்ன வேணும்?”

அந்த மாதம் கட்டடத்தின் இயந்திரம் அரை நாள் நின்றுபோயிருந்தது, ஏனென்று நிறுவனம் தேடிக்கொண்டிருந்தது. காரணம் நிரலில் நான் செய்த ஒரு திருத்தம். அதை அவள் பெயரில் பதிவு செய்தேன். அவள் கோயிலுக்கு வந்து எல்லோர் முன்னும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். நேர்த்தியாக, நீண்ட நேரம் குனிந்திருந்தாள். அடுத்த வாரம் விலகினாள். திறமையானவள், வேறு வேலை கிடைத்திருக்கும்.

இனி ஒரு பெட்டிகூட இடம் மாறக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பெட்டிகள் நகர்ந்தால்தானே மாறும்? நான்கு ஜன்னல்களுக்கும் பால் நிறக் கண்ணாடி போடச் சொன்னேன். இனி பெட்டியின் உருவம் மட்டும் மங்கலாகத் தெரியும், பெயர் கண்ணாடியிலேயே ஒளிரும். கூண்டின் நடுவில் நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பெட்டி ஒன்றை வைத்து, விளக்கையும் பொருத்தினேன். அட்டையைக் காட்டினால் கை நகரும் ஓசை கேட்கும், அது பதிவு செய்த ஓசை. பிறகு விளக்கு எரியும். நான்கு குடும்பங்கள் நான்கு பக்கமும் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல், அந்த ஒன்றையே கும்பிட்டார்கள். அது விற்பனைப் பிரிவில் இருந்த மாதிரிப் பெட்டி. காலிப் பெட்டி.

பதினான்கு மாதங்கள் அப்படி நடந்தது. ஒரு புகார்கூட வரவில்லை. காத்திருக்கும் நேரம் தொண்ணூறு வினாடியிலிருந்து எட்டாகக் குறைந்தது. மக்கள் முன்பு அழுத அளவுக்கே அழுதார்கள், சிலர் இன்னும் அதிகமாக. தலைமைப் பிக்கு மரப்பெட்டியில் வைத்து விலை உயர்ந்த முலாம்பழம் ஒன்றை நன்றியாக அனுப்பி வைத்தார். வசந்த விழாவுக்கு முன் எண்ணெய் போட வந்த ஆள், கை ஓடும் தண்டவாளத்தில் விரல் கனத்துக்குத் தூசி படிந்திருப்பதைப் பார்த்து, “இந்தக் கை ஒரு வருஷமா அசையவே இல்லியே” என்று சத்தமாகச் சொல்லியிராவிட்டால் நீங்களும் நானும் இந்த விசாரணை அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஆக, எல்லாவற்றையும் செய்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. ஆனால் யாருக்கு என்ன குறைந்துவிட்டது என்று யோசித்துப் பாருங்கள். கும்பிடுகிறவருக்கு வேண்டியது கும்பிட ஓர் இடம். உள்ளே இருப்பது யார், யாராவது இருக்கிறார்களா என்பது துக்கத்தில் எந்த மாற்றத்தையும் செய்வதில்லை. இதை நான் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

என் வீட்டுப் புத்தக அலமாரியிலிருந்து நீங்கள் எடுத்து வந்த பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அது என் அம்மா. அவளும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தாள். கண்ணாடி மாற்றுவதற்கு முந்தைய வாரம் நானே போய் எடுத்து வந்துவிட்டேன். சொந்த அம்மா விஷயத்தில் அசட்டையாக இருக்க முடியாதல்லவா? தயவுசெய்து அதைக் கவனமாகக் கையாளச் சொல்லுங்கள்.

இல்லை, திறந்து பார்க்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? அம்மாவின் மாடம் 2207 என்று நிரலில் தெளிவாக இருக்கிறது. நான் எடுத்ததும் 2207இலிருந்துதான்.