லைட் எரியாத கேமரா

சமாதானமெல்லாம் வேண்டாம்மா, இதை வாங்கிக்கிட்டு வேற கேமரா குடு. நான் வாங்குன அன்னைக்கு இந்தக் கவுன்டர்ல வேற ஒருத்தர் இருந்தாரு. மரத்துல கட்டி விடுங்க சார், எதிர்ல எது நகர்ந்தாலும் தானா படம் எடுக்கும்னாரு. கட்டுனேன். எதிர்ல நானே நடந்து பாத்தேன், குதிச்சும் பாத்தேன். ஒரு லைட் எரியணுமா இல்லையா? ம்ஹூம். செத்த கேமராவை நல்லா என் தலையில கட்டிட்டீங்க.

அப்பவே ஏன் கொண்டு வரலைன்னு பாக்கறே. செத்ததை இறக்க ஏணி வேணும், எனக்கு இடுப்பு வேணும். சரி, கையில பெரிய கேமரா இருக்கே, நாமளே எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன். இன்னைக்குத்தான் ஆள் வச்சு இறக்குனேன்.

எதையா? காட்டுப்பூனைம்மா. கல்குவாரிக்குப் பின்னால புதர்க்காடு இருக்குல்ல, அங்க குட்டி போட்டிருக்குன்னு லைன்மேன் சொன்னாரு. எங்க மச்சான், அதான் என் வீட்டுக்காரியோட அண்ணன், ஹால்ல ஒரு காட்டுப்பூனை படம் மாட்டி வச்சிருக்காரு. கட்டில் அகலத்துக்கு. நாம போனா தண்ணி குடுக்கறதுக்கு முன்னாலயே அதைத்தான் காட்டுவாரு. மாப்ள, நீங்க எடுத்தது ஏதாச்சும் இருக்காம்பாரு. நான் என்னத்தைக் காட்டறது? எனக்கு மாட்டுனதெல்லாம் வால்தான். மயில் வாலு, முயல் வாலு, ஒரு தடவை நாய் வாலு.

இந்த வருஷம் போட்டோ கிளப் கண்காட்சியில நடுச்சுவரை எனக்கு ஒதுக்கியிருக்காங்க. நானே கேட்டு வாங்குனேன். காட்டுப்பூனை வருதுன்னு மச்சான்கிட்டயே சொல்லிட்டேன், வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம. நாளைக்குப் படம் குடுக்கணும். சுவரு காலியா கிடந்தா அந்த மனுஷன் வாயை யாரும்மா மூடறது?

நான் என்ன உழைக்கலையா? முதல் வேலையா அந்தப் புதரை வெட்டித் தள்ளுனேன். முள்ளும் கொடியுமா படத்துல அசிங்கமா விழும்ல... பின்னணி சுத்தமா இருக்கணும், அதெல்லாம் ஒரு கலைம்மா. அப்புறம் மடக்கு நாற்காலி, குடை, பிளாஸ்க்குன்னு போய் உக்காந்தேன். பேச்சு மூச்சு கிடையாது. போன் வந்தா மட்டும் பேசுவேன், அதுவும் மெதுவாத்தான். ஒரு வாரமாச்சு, ஒரு மீசை முடி கூட வரலை. பூனைக்கு எவ்ளோ திமிரு பாரு. என் வீட்டுக்காரி சொல்றா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு. அண்ணன் நாக்கு அப்படியே தங்கச்சிக்கு.

என்ன நோண்டறே, அதுல ஒண்ணும் இருக்காது. ...லைட்டே எரியாதா? எரிஞ்சா மிருகம் மிரண்டுடும்னு வைக்கறதே இல்லையா? எங்க போட்டிருக்கு... அட்டைப் பெட்டியிலயேவா. சரி, இவ்ளோ பொடி எழுத்துல போட்டா யாரு படிப்பா. என்னது, படம் இருக்கா? இந்தப் பக்கம் திருப்பும்மா.

இது நான் குதிக்கிறது. தள்ளு.

அட... பூனைம்மா. காது நுனியில முடி கூடத் தெரியுது பாரு. குட்டி, ரெண்டு குட்டி. ஒண்ணு அம்மா வாலைக் கடிக்குது பாரேன். மச்சான் படத்துல தூரத்துல ஒரு முதுகுதாம்மா இருக்கு, இங்க குடும்பமே உக்காந்து போஸ் குடுக்குது. இதைப் பிரிண்ட் போடு. கட்டில் அகலமெல்லாம் பத்தாது, சுவரு அகலத்துக்குப் போடு. இரு, அடுத்ததையும் பாத்துடுவோம்.

இது நான். கையில அரிவாளு. ...ஆமா, அதே புதர்தான். அதுங்க உக்காந்திருந்த புதர்தான்.

அடுத்தது... குட்டியை வாயில கவ்விட்டுப் போகுது. ஒண்ணைத்தான். இன்னொண்ணு எங்க? திரும்பி வந்திருக்கும், தள்ளு. இது நான், நாற்காலி விரிக்கறேன். இது நான், டீ ஊத்தறேன். இது நான், போன்ல... மெதுவாப் பேசற மூஞ்சியா இது? தள்ளும்மா. நான். இதுவும் நான். எந்திரிச்சுப் போய்த் தொலையலாம்ல இந்த ஆளு, இப்படி உக்காந்திருந்தா அது எப்படி வரும்? அந்தக் குட்டி பசியோட கிடந்திருக்குமே.

நில்லு நில்லு. இது நான் தூங்கறேன், வாயைப் பொளந்துக்கிட்டு. நாற்காலிக்குப் பின்னால என்னமோ... பெருசாக்கு. வந்துடுச்சும்மா, புதரை வெட்டுன அன்னைக்குச் சாயங்காலமே. ரெண்டாவதையும் கவ்விட்டுப் போகுது. அப்பாடா. நல்லவேளை தூங்குனேன். அந்த ஒரு நல்ல காரியமாச்சும் பண்ணேன்.

...இல்லம்மா, சுவரு அகலமெல்லாம் வேண்டாம். அரிவாளோட என்னைப் பாத்தப்புறம் அந்த முதல் படத்தை எந்த மூஞ்சியோட மாட்டறது? வெக்கமா இருக்கு. நான் தூங்கற இந்தப் படம் போதும், பர்ஸுல வைக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு போட்டுக் குடு. என்னை வெட்டிடாதே, வாயைப் பொளந்துக்கிட்டே இருக்கட்டும்.

சுவரா? காலியாவே கிடக்கட்டும். மச்சான் கேட்டா கேமரா ரிப்பேர்னு சொல்லிடறேன். அவரும் உங்க கடைக்கு வர்றவருதான், காட்டிக் குடுத்துடாதேம்மா.