கொள்ளி உரிமையும் பேராசிரியர் பிரீடா ரொட்மனும்

‘பெரியோர்களே’ என்று தொடங்கும்படி நிகழ்ச்சி நிரலில் எழுதியிருக்கிறது. நான் பெண்களிலிருந்து தொடங்குகிறேன். சென் ஜேம்ஸ் ரவுண் மாதர் வட்டத்துச் சகோதரிகளே, தலைவர் சண்முகலிங்கம் அவர்களே, பேராசிரியரின் யூத செபக்கூடத்திலிருந்து வந்திருக்கும் மதிப்புக்குரிய சீமோன் அவர்களே, வேலை முடிந்து சீருடையோடு வந்து நிற்கும் தம்பி தங்கையரே, புனிதவதியின் வணக்கம்.

பேராசிரியர் பிரீடா ரொட்மன் அவர்களின் படத்துக்கு மாலை இல்லையே என்று பார்க்கிறீர்கள். யூதர்கள் இறந்தவர்களுக்குப் பூ வைப்பதில்லை என்று சீமோன் அவர்கள் சொன்னபோது, நம்மவர்கள் ஐந்து மாலைகளோடு வாசலில் நின்றார்கள். மாலைகள் இப்போது கோட்டு மாட்டும் அறையில் கிடக்கின்றன. அந்த அம்மையார் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். பிறகு பூ ஏன் வேண்டும், ஏன் வேண்டாம் என்று இரண்டு பகுதியையும் இருத்திவைத்துக் கேள்வி கேட்டிருப்பார்.

யார் அவர்? பல்கலைக்கழகத்தில் இறையியல் படிப்பித்தவர். தம் மக்களின் வேதத்தைப் பெண்ணின் கண்ணால் படித்து நான்கு நூல்கள் எழுதியவர். ஆண்டவனோடு பேசுவதற்கு ஆணைத் தூது அனுப்பத் தேவையில்லை என்று அடித்துச் சொன்னவர்!

எண்பத்தெட்டாம் ஆண்டுப் பனிக்காலத்தில் அகதிப் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர இதே கட்டடத்துக்கு வந்தார். கையில் ஒரு தடித்த புத்தகம். நாங்கள் என்ன நினைத்தோம்? வேறென்ன, மதம் மாற்ற வந்துவிட்டார் என்றுதான். நம் அன்புராசா அண்ணை எங்களைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார்: “பிள்ளையள், தேத்தண்ணியைக் குடுத்து அனுப்புங்கோ. கையெழுத்து மட்டும் ஒண்டிலயும் வையாதேங்கோ!”

அதைப் பின்னாளில் நான் பேராசிரியரிடம் சொன்னேன். “எங்கள் மதத்துக்குத் தானாக வருகிறவரையே மூன்று முறை திருப்பி அனுப்புவோம். உங்களை வைத்து நான் என்ன செய்ய?” என்றார். அண்ணை, கடைசி வரிசையிலிருந்து சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் அகதி விண்ணப்பத்தைத் திருத்தி எழுதித் தந்ததும் அதே அம்மையார்தான்.

அவருடைய தந்தை எழுபத்து நான்கில் இறந்தார். ஆண்பிள்ளை இல்லை. இறந்தவருக்காகப் பதினொரு மாதம் நாள்தோறும் சொல்லும் பிரார்த்தனை ஒன்று அவர்களுக்கு உண்டு. அதைச் சொல்லப் பத்து ஆண்கள் கூட வேண்டும். “மகள் சொல்ல முடியாது, வேறு ஒருவரை ஏற்பாடு செய்கிறோம்” என்றார்கள். தந்தையின் முகத்தையே பார்த்திராத ஒருவர்! பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. காலை ஏழு மணிக்குப் போய், பெண்களுக்கான மறைப்புக்குப் பின்னால் நின்று, வாய்விட்டுச் சொன்னார்.

ஒருநாள் கடும்பனி. ஒன்பது ஆண்கள்தான் வந்தார்கள். பிரார்த்தனை முழுவதும் மனப்பாடமான பெண் உள்ளே நிற்கிறார். அவரை எண்ணினார்களா? இல்லை! வெளியே போய், ஸ்ரீட்கார் தரிப்பில் வண்டிக்குக் காத்து நின்ற ஒரு யூதரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவருக்கோ அதில் ஒரு சொல்லும் தெரியாது. பேராசிரியர் அழவில்லையா? அழுதார். அழுதுகொண்டே அடுத்த நாளும் போனார்.

அந்த ஒன்பது பேரில் தாமும் ஒருவர் என்பதைச் சீமோன் அவர்களே எங்களிடம் சொன்னார். போன வாரம் பேராசிரியரை அடக்கம் செய்தபோது அதே பிரார்த்தனைக்குப் பத்துப் பேரை எண்ணியவரும் அவர்தான். அதில் ஆறு பேர் பெண்கள். ஐயா, இருபத்திரண்டு ஆண்டுகள் எடுத்தீர்கள். ஆனாலும் வந்தீர்கள். உங்களைக் கும்பிடுகிறேன்.

தலைவர் அவர்கள் ஒரு துண்டுக் கடதாசி தந்திருக்கிறார். வாசிக்கிறேன். ‘கொள்ளி விசயம் இங்கை வேண்டாம், தங்கச்சி.’

மன்னிக்க வேண்டும், அண்ணை. அதைச் சொல்லாமல் பிரீடா ரொட்மனுக்கு அஞ்சலி செலுத்த முடியாது.

தொண்ணூற்றொன்றில் என் கணவர் போனார். எங்களுக்கு இரண்டும் பெண்கள். இந்த ஊரில் கொள்ளி என்றால் எரிசாலையில் ஒரு பட்டனை அமத்துவதுதான். அதற்குப் பிக்கரிங்கிலிருந்து அவருடைய தமையன் மகனைக் கூப்பிட்டார்கள். என் மூத்தவள் சுபாங்கி கேட்டாள்: “அம்மா, ஆஸ்பத்திரியில அப்பாவுக்குக் கரண்டியால சோறு தீத்தினது நான். உவர் ஆர்?”

பேராசிரியரும் என் பக்கத்தில் இருந்தார். “மகள் கேட்கிறாள், பதில் சொல்” என்றார். நானோ, ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன். நாலு பேர் கதைப்பார்கள் என்று என் பிள்ளையைப் பெண்களோடு கதவுக்கு வெளியே நிறுத்தினேன். ஒருநாளும் அவரை வந்து பார்க்காத பையன் பட்டனை அமத்திவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று ஓடினான். சுபாங்கி ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சபையோரே, அது என் கோழைத்தனம். அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

பண்பாடு என்கிறீர்கள். குண்டு விழுந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? விமான நிலையத்தில் பாஸ்போட் இல்லாமல் நின்று பதில் சொன்னது யார்? இரண்டு வேலை செய்து வாடகை கட்டியது யார்? அப்போதெல்லாம் எந்தத் தமையன் மகனையும் யாரும் தேடவில்லையே!

இன்று தேடுகிறார்கள். மூன்றாம் வரிசையில் இருக்கும் நம் குணவதியின் தகப்பனார் முந்தாநாள் காலமானார். ஏழு வருடம் அவரைக் குளிப்பாட்டியவள் அவள். நாளை பத்து மணிக்கு எரியூட்டல். பட்டனை அமத்த மொன்றியலிலிருந்து ஒரு தூரத்து உறவுக்காரரை வரவழைக்கிறார்களாம். மகள் கைவைத்தால் தான் வரமாட்டேன் என்று ஐயர் சொல்லிவிட்டாராம்.

வராவிட்டால் போகட்டும். தேவாரம் எங்களுக்கும் தெரியும். நாங்கள் பாடுவோம்.

சகோதரிகளே, பேராசிரியர் பிரீடா ரொட்மனுக்குச் சிலை வேண்டாம், மலர் வேண்டாம், என் பேச்சும் போதும். அவர் செய்த வேலையை நாளை காலை நாம் செய்வோம். ஒன்பது மணிக்கு இந்தக் கட்டடத்து வாசலுக்கு வாருங்கள். சுபாங்கி வான் கொண்டுவருகிறாள். இடம் போதாவிட்டால் பஸ்ஸில் போவோம். ஆண்களும் வரலாம், சண்முகலிங்கம் அண்ணையும் வரலாம். ஒருவரையும் வெளியே நிறுத்த மாட்டோம்.

குணவதி, அழாதை பிள்ளை. நிமிந்து என்னைப் பார். நாளைக்கு உன்ர அப்பாவை நீதான் அனுப்பி வைக்கிறாய். மறிக்க வாற ஆக்கள் முதல்ல என்னைத் தாண்டட்டும்.