சோதனைக்கு முந்தைய நாள்

கொட்டகலையில் நான் ஏறிய பஸ்ஸில் வானொலிச் செய்தி: அணு நிலையங்களுக்குள் ஆய்வாளர்களை விடாததால் ஈரான்மீது தடைகள் இறுகுகின்றன. முன் இருக்கையில், தேயிலை மலையில் களைப்புல்லுக்கு மருந்தடிக்கும் இருவர்.

"வெவரமில்லாதவங்க. உள்ள விட வேண்டியதுதானே? நம்ம தோட்டத்து தொரை விடலையா?" என்றார் சன்னலோரத்தவர். "நாளைக்கு தேயிலைக்கு சர்டிபிகட் குடுக்குறவங்க சோதனைக்கு வர்றாங்கன்னு இன்னைக்கே கிளவுஸ் குடுத்துட்டாரு. அவங்க போனதும் திருப்பி வாங்கிருவாரு."

நாள் குறித்து வரும் சோதனைக்கு எந்தத் தோட்ட அலுவலகமும் தயாராகவே இருக்கும்.

மற்றவரின் விரல்களெல்லாம் மருந்து பட்டுக் கொப்புளம். "நான் கிளவுஸைக் கழட்டிக் காட்டப் போறேன் மச்சான்."

"காட்டு. சர்டிபிகட் போனா வெளிநாட்டுக்காரன் தேயிலை வாங்க மாட்டான். தொரை வேற தோட்டத்துக்குப் போயிருவாரு. நம்ம எங்க போறது?"

"காட்டலைன்னா கையே போயிரும்டா."

ஹட்டனில் இறங்கும்போது சன்னலோரத்தவர் சொன்னார்:

"ஒரு கைய மட்டும் காட்டு மச்சான். இன்னொன்ன, அவங்களா கேட்டா பாத்துக்கலாம்."